உஷார்! மெலிஞ்சவளைக் கண்டு "வடிவு" என்று சொல்லிவிடாதீர்கள்

கையிலுள்ள வேலையைக் கொஞ்சம் வைத்துவிட்டு இதை வாசியுங்கள். அடுப்பில் உலை கொதித்தால் இறக்கிவிட்டு வாருங்கள். இது உங்கள் வீட்டுக் காரியம்.

கடந்த ஆறு மாதத்துக்குள் உங்கள் வீட்டில் யாராவது மெலிந்திருக்கிறார்களா? சட்டை தொளதொளவென்று தொங்குகிறதா? மோதிரம் விரலில் நிற்காமல் கழலுகிறதா? அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டீர்களா?

அப்படியென்றால் உஷார்!

முயற்சி எடுக்காமல் எடை குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சீனி வருத்தமாக இருக்கலாம். சயரோகமாக இருக்கலாம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி கெட்டிருக்கலாம். நாம் யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு. மனம் நோய்ப்பட்டிருக்கலாம்.

நம் பெத்தாச்சிமாருக்கு இது தெரிந்திருந்தது. ஒருத்தி மெலிந்தால் "ஏங்கி உருகிப் போனாள்" என்பார்கள். பக்கத்தில் இருந்து சோறு ஊட்டுவார்கள். இன்று நாம் அதே உருகலைக் கண்டு "என்ன டயட் எடுக்கிறாய்?" என்று கேட்கிறோம்.

அந்த ஒரு கேள்வி ஓர் உயிரையே எடுத்துவிடப் பார்த்தது. கேளுங்கள்.

தையல்கார அக்காவின் கொப்பி

மன்னார்த் தீவில் ஒரு கரையூர். ஊரின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். தங்கச்சி என்றே சொல்கிறேன். வயது நாற்பதைத் தொடவில்லை. மனுசன் கடல் தொழில். மூன்று பிள்ளைகள். வலைக்கும் இயந்திரத்துக்கும் எடுத்த கடன் ஒரு பக்கம். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து நிற்கும் நுண்கடன்காரர் இன்னொரு பக்கம்.

நத்தாருக்குச் சாரிச் சட்டை தைக்கக் கொடுத்தபோது இடுப்பு 34 அங்குலம். பங்குனியில் ஒரு கலியாண வீட்டுக்காக அதே சட்டையை ஒடுக்கக் கொண்டு போனாள். 32. மடுவின் ஆடித் திருவிழாவுக்கு முன்பு மறுபடியும் போனாள். 29.

இந்த ஆறு மாதமும் ஊர் என்ன சொன்னது தெரியுமா?

"என்னடி, நல்லா மெலிஞ்சு வடிவாயிட்டாய்! என்ன செய்தனி? எங்களுக்கும் சொல்லித்தாவன்!"

கோயில் வாசலில் சொன்னார்கள். மீன் வாடியில் சொன்னார்கள். கலியாண வீட்டில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் மச்சாள்மார் வரைக்கும் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். வேறு என்னதான் செய்வாள்?

அவள் டயட் எதுவும் எடுக்கவில்லை. அவளால் சாப்பிட முடியவில்லை. சோறு வாய்க்குள் மண் மாதிரிக் கிடந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு கண் மூடாது. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். எல்லாருக்கும் புட்டு அவித்துப் போட்டுவிட்டுத் தான் ஒரு பிளேன்ரீயோடு இருந்துவிடுவாள். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மா சாப்பிட்டாவா என்று யார் கேட்கிறார்கள்?

கவனித்தவர் தையல்கார அக்கா. மூன்றாம் தரம் அளவு நாடாவைச் சுற்றினார். தன் கொப்பியைத் திருப்பிப் பார்த்தார். மூன்று அளவும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடந்தன. நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இது மூண்டாந்தரம். நீ சாப்பிடுறியா?"

"மனம் வருதில்லையக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தையல் மெசின் பக்கத்தில் இருந்து அரைமணி நேரம் அழுதாள்.

அக்காதான் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரத்தம் சோதித்தார்கள். சீனி இல்லை. தைரொயிட் சரி. நெஞ்சுப் படமும் சுத்தம். டொக்டர் நிதானமாகக் கதைத்துப் பார்த்துவிட்டு, உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துண்டு வீட்டுக்கு வந்தது. மடு மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது.

ஏன்? "மூத்தவளுக்குக் கலியாணம் பேசுறம். தாய்க்கு விசர் எண்டு ஊர் கதைச்சால் ஆர் வந்து எடுப்பினம்?" சொன்னது மாமியார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நாவூறு கழித்தார்கள். நேர்த்தி வைத்தார்கள். கையில் நூல் கட்டினார்கள். ஒன்றும் சரிவரவில்லை. ஓர் இரவு அவள் பிள்ளைகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கரைக்கு நடந்தாள். அந்த நேரம் வள்ளம் தள்ள வந்த இரண்டு பேர் கண்டார்கள். அதனால்தான் இன்று இருக்கிறாள்.

கதை இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. முடியவில்லை.

மருந்து தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் நித்திரை வந்தது. பசி வந்தது. மெல்ல மெல்ல உடம்பும் வைத்தது. கடைசிப் பிள்ளையோடு சிரித்து விளையாடினாள். அப்போது ஊர் என்ன சொன்னது?

"என்னடி, பழையபடி கொழுத்துப் போனாய்! முந்தி எவ்வளவு வடிவா இருந்தனி!"

அவள் வீட்டுக்குப் போய்க் குளிசையை நிற்பாட்டினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆறு கிழமைக்குள் அந்த மூன்று மணி முழிப்பு திரும்பி வந்தது. முதலிலிருந்து வைத்தியம்.

நோய் வந்தபோது வடிவு என்றோம். சுகம் வந்தபோது கொழுப்பு என்றோம். இதைவிட ஒரு பெண்ணுக்கு வேறென்ன கொடுமை செய்ய முடியும்?

நமக்கு ஏன் கூடுதல் உஷார் வேண்டும்?

"எங்கட சனத்துக்கு உந்த வருத்தமெல்லாம் வராது" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாம் பட்டது கொஞ்சமா?

1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். யுத்த காலத்தில் தலைமன்னார்க் கரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கும் மண்டபத்துக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர்! 2009 வரை யுத்தம். காணாமல் போன பிள்ளைக்காக இன்றும் படத்தோடு நிற்கும் தாய்மார். பிறகு 2022. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைக் கணக்கின்படி உணவுப் பொருள் விலை முந்திய வருடத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அந்த வருடமும் பல பேர் மெலிந்தார்கள். அது எந்த டயட்?

இவ்வளவும் மனத்தில் ஒரு கீறல்கூடப் போடாமலா போயிருக்கும்?

யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டே யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 22.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள். 32.6 சதவீதம் பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் மக்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வந்தது. அங்கே 18.8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. அதில் பெரும்பங்கு உடம்பு வருத்தமாகவே வெளிப்பட்டிருந்தது.

கவனியுங்கள். உடம்பு வருத்தமாக!

நம்மவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலை விறைக்குது", "கைகால் எரியுது", "ஒரே யோசனை", "சாப்பாடு இறங்குதில்லை" என்றுதான் வருவார்கள். நம் மொழியில் மனம் உடம்பின் வாயால்தான் பேசும். மெலிவும் அப்படியான ஒரு பேச்சு. அதைக் காதில் போடாமல் கைதட்டிவிட்டால் எப்படி?

ஒரு சொல்லுக்குப் பயந்து

அங்கொடை. மந்திகை. இவை ஊர்களின் பெயர்கள். அங்கே மனநோய்க்கு வைத்தியம் நடந்ததால் நம் வாயில் வசவாகிவிட்டன. "இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறோம். பக்கத்தில் இருக்கிற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அதற்கு மனம் நொந்தால் நம்மிடம் வந்து சொல்லுமா? சொல்லாது. செத்தாலும் சொல்லாது.

மறைப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், தர்காவுக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியுமுன் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் எரிந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கிருந்த அப்படிப்பட்ட விடுதிகளை அரசு மூடியது.

அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வீட்டுப் பிள்ளைகள். தர்காவுக்குப் போவதிலும் கோயிலுக்குப் போவதிலும் குற்றமில்லை. வேண்டுதல் மனத்துக்குப் பலம். ஓதிப் பாருங்கள், செபம் செய்யுங்கள், நேர்த்தி வையுங்கள். மருந்தையும் எடுங்கள். காலில் முள் குத்தினால் செபமும் சொல்வோம், முள்ளையும் எடுப்போம் அல்லவா?

இளம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. டிக்டொக்கில் ஒரு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு "எனக்கு பைபோலார்" என்று நீங்களே பெயர் ஒட்டிக்கொள்ளாதீர்கள். தைரொயிட் கூடினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பயம் வரும். தைரொயிட் குறைந்தாலும் உடம்பு சோர்ந்து மனம் இருளும். எது எது என்று பிரித்துச் சொல்ல வைத்தியர் வேண்டும். நோயின் பெயரை மறைப்பதும் ஆபத்து, கண்டபடி ஒட்டிக்கொள்வதும் ஆபத்து.

இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே உஷார்!

இதை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

1. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், முயலாமலே எடையில் இருபதில் ஒரு பங்கு குறைவது. 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்துவிட்டாரா? அது போதும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2. தாகம், அடிக்கடி சிறுநீர், அதோடு மெலிவு. சீனி வருத்தமாக இருக்கலாம். இன்றே சோதியுங்கள்.

3. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு. சயரோகமாக இருக்கலாம். அரசாங்கத்தின் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் வைத்தியம் இலவசம். முழுதாக மருந்து எடுத்தால் மாறும்.

4. இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமின்மை. சாப்பாடு ருசிக்காது. விடிய முன்பே முழிப்பு. காரணமில்லாத களைப்பு. "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு. இது மனச்சோர்வு நோயின் முகம். சிலருக்கு மெலிவுக்குப் பதிலாக உடம்பு வைக்கும். அதையும் கவனியுங்கள்.

5. வளரும் பிள்ளை சேர்ந்திருந்து சாப்பிட மறுப்பது. "பள்ளிக்கூடத்தில சாப்பிட்டனான்" என்று தினமும் சொல்வது. சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டுவது. விரல் மூட்டில் பல் பட்ட தழும்பு. மாதவிடாய் நிற்பது. மன்னார் வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்துவது. எலும்பு தெரிந்தாலும் "நான் குண்டு" என்று கண்ணாடி முன் நிற்பது. இது உணவுக் கோளாறு நோய். பிடிவாதம் என்று நினைத்து அடிக்காதீர்கள். மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றுள் இதுவும் ஒன்று. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குத் திடீரென்று வாய் நிறையத் திணிப்பதும் ஆபத்து. இரத்தத்தின் உப்புகள் சட்டென்று குலைந்து இதயம் தடுமாறும். வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் கொடுக்க வேண்டும்.

6. சாவைப் பற்றிய பேச்சு. "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி." ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. கடன் கொப்பியைத் திடீரென்று ஒழுங்குபடுத்துவது. பல நாள் அழுதவர் ஒரே நாளில் அமைதியாவது. அன்றைக்குத் தனியே விடாதீர்கள். "உயிரை விட்டிடலாம் எண்டு யோசனை வருதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால்தான் அவர் மூச்சுவிடுவார்.

மெலிய வைக்கும் தேத்தண்ணி, உயிரை வைக்கும் பணயம்

ஃபேஸ்புக்கில் பார்த்திருப்பீர்கள். "முப்பது நாளில் பத்துக் கிலோ! முழுக்க மூலிகை! பக்கவிளைவு இல்லை!" பார்சல் வீடு தேடி வருகிறது. எங்கே செய்தது, உள்ளே என்ன, ஒருவருக்கும் தெரியாது.

உஷார். பல மெலிவுத் தேயிலைகளில் இருப்பது நிலாவரை. அது பேதி மருந்து. வயிற்றால் போகும், தண்ணீர் குறையும், தராசு முள் இறங்கும். கொழுப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். தொடர்ந்து குடித்தால் உடம்பின் பொட்டாசியம் குறைந்து நெஞ்சுத் துடிப்பே தடுமாறும்.

குளிசைகள் இன்னும் மோசம். சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்தது. எடை குறைக்கக் கொடுத்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று கண்டு 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இந்தியாவும் தடை செய்தது. இன்றும் "மூலிகை" என்று விற்கும் குளிசைகளில் அதைக் களவாகக் கலப்பதை உலகெங்கும் மருந்துப் பரிசோதகர்கள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் போட்டால் நித்திரை போகும். நெஞ்சு படபடக்கும். ஏற்கெனவே மனம் நொந்தவருக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

உண்மையிலேயே எடை குறைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சீனியும் பிரஷரும் நம் ஊர்களில் குறைவா? குறையுங்கள், தவறே இல்லை. கிழமைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதற்கு மேல் வேகம் வேண்டாம். சோற்றில் ஓர் அகப்பை குறையட்டும். பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன். சீனி போட்ட தேத்தண்ணி நாலு தரம் என்றால் ஒரு தரம். பின்னேரம் கரையோரம் அரைமணி நடை. குரக்கன் புட்டும் கீரையும் மீனும் நம் வீட்டிலேயே இருக்கும்போது பார்சல் எதற்கு?

குளிசை எடுக்கிறவர்களே, இது உங்களுக்கு

மனநோய் மருந்துகள் சிலவற்றால் உடம்பு வைக்கும். உண்மைதான். ஒலன்சபின், குளோசபின், வல்புரோயேட், லித்தியம் போன்றவற்றில் இது நடக்கும். பசி கூடும். இதை உங்களிடமிருந்து யாரும் மறைக்கக்கூடாது. உங்கள் கவலையும் வீண் கவலை இல்லை.

ஆனால் தானாக நிற்பாட்டாதீர்கள். தயவுசெய்து நிற்பாட்டாதீர்கள்.

மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நடுவில் விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரையின்மை. பிறகு நோய் திரும்பும். கிளினிக்குக்குப் போய் வாய் திறந்து சொல்லுங்கள்: "டொக்டர், எனக்கு உடம்பு வைக்குது." மருந்தை மாற்றலாம். அளவைச் சரிசெய்யலாம். எடை, இடுப்பளவு, சீனி, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

லித்தியம் எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை! திடீர்ப் பட்டினி, உப்பை அடியோடு நிறுத்துவது, தண்ணீர் குறைவது, வயிற்றோட்டம், கொளுத்தும் வெயிலில் வியர்ப்பது. இவற்றில் எது நடந்தாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். அது நஞ்சு. கை பலமாக நடுங்கும், வாந்தி வரும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். அப்படியானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. மெலிய வைக்கும் தேத்தண்ணி பக்கமே போகாதீர்கள். ரமழான் நோன்போ தவக்கால ஒறுத்தலோ, தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். நோயாளிக்கு இறைவன் சலுகை வைத்திருக்கிறான். நாம்தான் வைப்பதில்லை.

எங்கே போவது?

வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். "நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, மனம் சரியில்லை" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடம்புக் கதையை மட்டும் சொல்லி மனக் கதையை விழுங்காதீர்கள். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. வைத்தியம் இலவசம். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னாலும் வழி காட்டுவார். பிள்ளை பெற்ற பின் மெலிந்து, அழுது, பிள்ளையைத் தூக்கவே மனமில்லாத தாய்மார் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள். அது உங்கள் பிழை இல்லை.

இரவில் யாரும் இல்லையா? 1926. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி. இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கலாம். தமிழில் கதைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை.

இன்னொன்று. யாராவது உயிரை மாய்க்க முயன்றுவிட்டால், பொலிஸ் வருமென்று பயந்து வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் 1998இலேயே இலங்கையில் நீக்கப்பட்டது. பயந்து தாமதித்த ஒரு மணி நேரத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. முதலில் ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் பிறகு.

கடைசியாக

அந்தத் தங்கச்சி இப்போது சுகமாக இருக்கிறாள். மாதம் ஒரு தரம் கிளினிக் கொப்பியோடு போய் வருகிறாள். கூடப் போவது யார் தெரியுமா? மாமியார். படத்துக்குப் பின்னால் துண்டைச் செருகிய அதே மாமியார். "விசர் எண்டு சொல்லுறவை சொல்லட்டும். எனக்கு என்ர பிள்ளை வேணும்" என்று இப்போது வாசலில் நின்று சொல்கிறார். மூத்தவளின் கலியாணமும் நின்றுபோகவில்லை. தாயின் வருத்தத்தை மறைக்காமல் சொல்லித்தான் பேசினார்கள். நல்ல இடமாகவே முடிந்தது.

அந்தக் கலியாணச் சட்டைக்குத் தையல்கார அக்கா அளந்தபோது இடுப்பு 33. கொப்பியில் எழுதிவிட்டு அக்கா சிரித்தாராம்.

ஆகவே பிள்ளைகளே, அம்மாமாரே, ஐயாமாரே! கெஞ்சிக் கேட்கிறேன். இனிமேல் யாராவது மெலிந்து வந்தால் வடிவு என்று சொல்லாதீர்கள். உடம்பு வைத்து வந்தால் கொழுத்துப் போனாய் என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருத்தி இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்.

"சாப்பிட்டியா? நித்திரை வருதா?"

பதில் வர நேரம் எடுத்தால், எழும்பிப் போய்விடாதீர்கள். இருந்து கேளுங்கள்.